நசுங்காத எலுமிச்சம்பழம்

சேலத்து ரைஸ்மில் முதலாளி வையாபுரியிடம் ஏழு பேர் உட்காருகிற பெரிய கார் ஒன்று இருந்தது. அதில் குறை இருக்கிறது என்று யாராவது சொன்னால், பெற்ற பிள்ளையைத் திட்டியது போல அவருக்குக் கோபம் வரும்.

டிரைவர் செங்கோடன் ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்தான். "ஸ்டியரிங் ஆட்டமா இருக்குதுங்க. கால் சுத்து திருப்பின பிறகுதான் வீலே திரும்புது."

"ஆட்டம் உன் கையிலடா. நாளைக்குக் குடும்பத்தோட ஏற்காடு போறோம். கோடு போட்ட மாதிரி ஓட்டோணும். முடியாதுன்னா வேலைக்கு வராத."

மறுநாள் காலையில் பேரப்பிள்ளைகளோடு எல்லாரும் ஏறியாயிற்று. புறப்படும்போது நசுக்குகிற எலுமிச்சம்பழத்தைச் செங்கோடன் டயருக்கடியில் வைக்காமல், முப்பதடி தள்ளி வாசலில் வைத்தான்.

"என் கைதான் ஆடுதுங்களே. ராசியான கை, நீங்களே ஏத்திக் கொடுங்க முதலாளி."

வையாபுரி மீசையைத் தடவிக்கொண்டு ஓட்டினார். பழம் வலப்பக்கம் தப்பியது. பின்னால் வந்து மறுபடி ஓட்டினார். இடப்பக்கம் தப்பியது. மூன்றாம் தடவை செம்பருத்தித் தொட்டி உடைந்தது.

அவர் மனைவி தெய்வானை பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"எவனாவது பழத்தை இத்தனை தூரத்துல வெப்பானா?" என்று கத்தினார் வையாபுரி.

"மலையில வளைவையெல்லாம் இன்னும் தூரத்துலதான் வெச்சிருக்காங்க முதலாளி."

வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. முழுசாய்க் கிடந்த பழத்தைத் தெய்வானை ஜூஸ் போட்டார். முதல் டம்ளரை வையாபுரியே செங்கோடனிடம் நீட்டினார். செங்கோடன் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அதை வாங்கிக்கொண்டான்.