குருணையின் குடும்பம்

ஒரு கல்லூரித் தோட்டத்தில் செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து நட்டிருந்தார்கள். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு தகரப் பலகை. தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய பாத்தியில் ‘சேம்புக் குடும்பம்’ என்று எழுதி, கீழே செடிகளின் பெயர்களைப் போட்டிருந்தது. அங்கே சேம்பு இருந்தது, சேனை இருந்தது. நிழல்வலைக்குக் கீழே ஒரு பூந்தொட்டியில் ஆந்தூரியம் இருந்தது. வார்னிஷ் அடித்தாற்போல் மினுங்கும் அதன் சிவப்பைப் பார்க்கத்தான் எல்லோரும் அந்தப் பக்கம் வருவார்கள்.

தொட்டித் தண்ணீரின் மேல் குருணை என்றொரு நுண்செடி வாழ்ந்தது. ஒன்றல்ல, ஆயிரமாயிரம். ஒவ்வொன்றும் பச்சை ரவை மாதிரி. வேர் கிடையாது, தண்டு கிடையாது, இலை என்று தனியாக எதுவும் கிடையாது. எல்லோரும் அதைப் பாசி என்றே சொன்னார்கள்.

பங்குனி மாதம் ஒரு காலையில் தோட்டக்காரர் இருளப்பன் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டே போனார்.

“நாளைக்கு வெளியூர்லேர்ந்து பார்வையிட வர்றாங்களாம். தொட்டியில ஒரு பொட்டுப் பாசி இருக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல உத்தரவு. பழைய கொசுவலை ஒண்ணு கெடக்கு, அதை வச்சு அள்ளிப் போட்டுட வேண்டியதுதான்.”

குருணை அதைக் கேட்டது. தொட்டி விளிம்பில் சாய்ந்திருந்த சேம்பிடம் மிதந்து போனது.

“சேம்பக்கா, உங்கள் காலடிச் சேற்றில் ஈரம் இருக்கிறது. ஓர் இலையைத் தண்ணீருக்குள் தாழ்த்துங்கள். காம்பைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை பேர் சேற்றில் இறங்கிவிடுகிறோம். தோட்டக்காரர் அள்ளிவிட்டுப் போனதும் திரும்பிவிடுவோம்.”

சேம்பு இலையைக் கொஞ்சம் தாழ்த்தியது. ஆந்தூரியம் சட்டென்று தடுத்தது.

“அக்காவா? பாசிக்கு நீ எப்போது அக்கா ஆனாய்?”

“நாங்கள் பாசி இல்லை” என்றது குருணை. “நாங்களும் பூக்கிறவர்கள். உங்கள் குடும்பம்.”

ஆந்தூரியம் சிரித்தது. “வேரைக் காட்டு. இலையைக் காட்டு. ஒன்றும் இல்லாமல் குடும்பம் என்று வந்து நிற்கிறாய்!”

“இருந்தது. பல கோடி வருஷத்துக்கு முன்னால் நம் எல்லோருக்கும் ஒரே தாய். அவள் பிள்ளைகளில் நீங்கள் கரையில் நின்றீர்கள், நாங்கள் தண்ணீருக்கு வந்தோம். மிதக்கிறவர்களுக்குத் தண்டு எதற்கு? உடம்பெல்லாம் தண்ணீர் தொடும்போது வேர் எதற்கு? வேண்டாததைத் தலைமுறை தலைமுறையாக விட்டோம். அது குறையா?”

“அப்படியானால் பூத்துக் காட்டு.”

“பூத்துத்தான் இருக்கிறோம். குனிந்து பார்.”

“எனக்குக் குனிந்து பழக்கமில்லை” என்றது ஆந்தூரியம். “சேம்பே, இதை உள்ளே விட்டால் நாளைக்கு வருகிறவர்கள் நம்மையும் பாசியோடு சேர்த்துப் பேசுவார்கள். யோசித்துக்கொள்.”

குருணைக்கு ஆத்திரம் பொங்கியது. “நீ பூ என்று காட்டுகிற சிவப்பு வெறும் இலை. நிஜமான பூக்கள் நடுவில் நிற்கும் கதிரில் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. அவையும் எங்களைப் போலச் சின்னவைதான். பூத்தால் ஊரே மூக்கைப் பொத்துகிற சேனைக்கு இடம் கொடுத்தீர்கள். அதற்குக் கிழங்கு இருக்கிறது, காசு வருகிறது. நாங்கள் மட்டும் கேவலமா?”

சேம்பு யாரையும் பார்க்கவில்லை. “எனக்கு எதற்கு வம்பு?” என்று முணுமுணுத்துக்கொண்டே இலையை மேலே இழுத்துக்கொண்டது.

இருளப்பன் கொசுவலையோடு வந்தார். வலை விழுந்தது, எழுந்தது. ஒவ்வொரு அள்ளலுக்கும் ஒரு பச்சைக் குவியல் சிமெண்ட் தரையில் விழுந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதந்தவர்கள் கத்தினார்கள். தரையில் கிடந்தவர்கள் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கினார்கள்.

பாதித் தொட்டி காலியானபோது தாவரவியல் பேராசிரியை ஜெசிந்தா வகுப்புக்கு இலை பறிக்க வந்தார். தொட்டி விளிம்பில் கை வைத்தார். விரலில் குருணை ஒட்டிக்கொண்டது. துடைக்கப் போனவர் நின்றார். கழுத்தில் தொங்கிய லென்ஸை எடுத்துக் கண்ணருகில் வைத்தார்.

“இருளப்பண்ணே! நிறுத்துங்க, நிறுத்துங்க!”

“ஏம்மா, பாம்பு கீம்பு இருக்கா?”

“இது பாசி இல்லண்ணே. பூச்செடி. பூத்திருக்கு, இங்க பாருங்க.”

இருளப்பன் லென்ஸில் பார்த்தார். பச்சை மணியின் முதுகில் ஒரு சின்னக் குழி. அதில் ஒரு மகரந்தத்தாள், பக்கத்தில் ஒரு சூல்முடி.

“அடேயப்பா! இம்புட்டூண்டுல பூவா? இது என்ன ஜாதிச் செடிம்மா?”

“அந்தா நிக்குதே சேம்பு, அதோட சொந்தம்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. பாதிய அள்ளிக் கொட்டிட்டேனே.”

“நானும் இத்தனை வருஷமா இந்தத் தொட்டியத் தாண்டித்தானண்ணே போறேன். ஒரு நாளும் குனிஞ்சு பாக்கல” என்றார் ஜெசிந்தா. அவர் குரல் இறங்கியிருந்தது.

அலுவலகத்தில் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, பெயின்ட் கொண்டுவரச் செய்து, பலகையில் சேனைக்குக் கீழே குருணையின் பெயரையும் எழுதினார்.

அவர்கள் போனதும் ஆந்தூரியம் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

“எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. முகஜாடை விட்டுப்போகுமா? வா குருணை, நாமெல்லாம் ஒரே ரத்தம்.”

“ஆமாம் ஆமாம்” என்றது சேம்பு. “இனிமேல் நீ என்னை அக்கா என்றே கூப்பிடலாம்.”

குருணை தொட்டிக்கு வெளியே பார்த்தது. சிமெண்ட் தரையில் குவியல்கள் வெளுத்து மாவாகியிருந்தன. காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பிக்கொண்டு போனது.

“சரி, ஒரே குடும்பம்தான்” என்றது குருணை. “அப்படியானால் சொல்லுங்கள். அங்கே காய்ந்து கிடக்கிறார்களே, அவர்கள் உங்களுக்கு என்ன முறை?”