கரடி கேட்ட கேள்வி

குரு உலகம்மாளிடம் மற்ற சீடர்கள் ஒரு கேள்வியோடு வருவார்கள். கோமதிநாயகம் ஒரு கூடை கேள்வியோடு வருவான். குரு அவனைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் அவர் முன்னால் அவன் மணலில்தான் உட்காருவான்.

கப்பலில் அவனுக்குச் சமையல் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் போய்விடும். இந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கப்பலேற வேண்டும். அதற்கு முன்னால் ஒரு காரியத்தை முடித்துவிட நினைத்து, தூத்துக்குடிக் கடற்கரையோரம் இருந்த குருவின் குடிலுக்கு வந்திருந்தான்.

"அம்மா, எம் மக ஆதிரைக்கு நாலு வயசு ஆகப்போகுது. நான் இல்லாதப்போ அவ டிவியில என்ன பாக்கணும்னு நீங்கதான் சொல்லணும். எழுத்து சொல்லித்தாரதா, கணக்கா? தமிழா, இங்கிலீஷா? மிருகங்களைக் காட்டுறது நல்லதாமே?"

குரு வாயைத் திறந்தார்.

"பாட்டா வந்தா பிள்ளைங்க மனசுல நிக்கும்னு சொல்லுதாங்க. நிக்கும்தானே?"

குரு வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "எதுக்கு இவ்வளவு கவலைப்படுறீங்க?" என்றார்.

கோமதிநாயகம் கடலைப் பார்த்தான்.

"போன்ல கூப்பிட்டா பிள்ளை பேசமாட்டேங்கா. முகத்தைக் காட்டிட்டு ஓடிருதா. அங்க அடுப்படியில நிக்கும்போதெல்லாம் அவ குரலைக் கேக்கணும்போல இருக்கும் அம்மா. நான் பாத்து எடுத்துக் குடுத்ததையாவது அவ பாத்துக்கிட்டிருந்தா, பக்கத்துல இருக்குற மாதிரி எனக்கு ஒரு ஆறுதல்."

நாலு பேரைக் கூட்டி அதட்டி வேலை வாங்குகிற ஆள், பெற்ற மகளின் ஒரு வார்த்தைக்கு ஏங்கிப் போயிருந்தான்.

"போன்ல என்ன பேசுவீங்க?"

"எல்லாந்தான். சாப்பிட்டியா, தோசையா, பால் குடிச்சியா, யாரும் அடிச்சாங்களா, அப்பாவைத் தேடுச்சான்னு வரிசையாக் கேப்பேன். லைன் எப்ப போகும்னு தெரியாதே."

"இப்ப அவளுக்கு எது பிடிக்கும்?"

"டிவியில ஒரு கரடிப் பொம்மை வரும். எப்பப் பாத்தாலும் அதுதான். அதுல படிப்புன்னு ஒண்ணுமே இல்லை. நிறுத்திரலாமா?"

"இன்னைக்கு அவகூட உக்காந்து அதைப் பாருங்க. பாத்துட்டு வாங்க."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றான். முகம் சுண்டிப் போயிருந்தது.

"வெறும் பித்தலாட்டம் அம்மா."

"என்ன நடந்துச்சு?"

"அந்தக் கரடி, 'இன்னைக்கு என்ன சாப்பிட்டே?'ன்னு கேட்டுச்சு. கேட்டுட்டுக் கண்ணைக் கொட்டிக்கிட்டுச் சும்மா நின்னுச்சு. பிள்ளை விரலைச் சப்பிக்கிட்டே யோசிச்சா. பெறகு மெதுவா, 'இட்லி. அப்பா அவிச்சது. அப்பா கப்பலுக்குப் போயிருவாவ'ன்னா. அதுக்கு அந்தக் கரடி கையைத் தட்டி, 'ஆகா, எனக்கும் அது ரொம்பப் பிடிக்குமே!'ங்குது."

அவன் தொப்பென்று மணலில் உட்கார்ந்தான்.

"நான் போறதை நினைச்சு அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுக்குக் காது இருக்கா? அவ எதைச் சொன்னாலும் அதுக்கு ஒண்ணுதானே? அதுகிட்டப் போயி ஏன் மனசைக் கொட்டுதா? நான் எதுல குறைஞ்சு போனேன்?"

குரு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அலை வந்து திரும்பியது. இன்னொன்றும் வந்து திரும்பியது.

கோமதிநாயகம் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தான். குரு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி எங்கேயோ போய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் மணலைக் கிளறினான். அவரோ அசையவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, அவனே எதிர்பாராத ஒரு குரல் அவனுக்குள்ளிருந்து வந்தது.

"எனக்குப் போகப் பிடிக்கலை அம்மா. அவளை விட்டுட்டு இருக்க முடியலை."

இதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

குரு தலையசைத்தார்.

"அந்தக் கரடிக்குக் காது கேக்காதுதான் நாயகம். இருந்தும், கேட்டுட்டு அது காத்திருந்துச்சு."