ஐப்பசி மழையில் ஒட்டிய டைரி

வந்தவாசிப் பக்கத்தில் ஒரு சமணர் சங்கம். சுநந்தா அதன் செயலாளர். விரத நாட்களைக் குறித்து வருடா வருடம் சங்கம் ஒரு டைரி போடும். முதல் பிரதியை ஜினாலயத்தில் பகவான் காலடியில் வைத்த பிறகுதான் வீடுகளுக்குக் கொடுப்பார்கள். எறும்பு மிதிபடுமோ என்று குனிந்து பார்த்து நடக்கிற ஜனங்கள் அவர்கள். டைரி பூஜை அலமாரியிலேயே இருக்கும்.

போன தை மாதம் கொடுத்த டைரியின் அட்டையில் ஒரு பச்சை இலை, கீழே 'வீகன்' என்று எழுத்து. தோல், எலும்பு, பால் என்று எந்த உயிரிடமிருந்தும் எடுத்த எதுவும் இதில் கலக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். ஆவணி மழையின் ஈரத்தில் அலமாரியைத் திறந்தால் டைரியிலிருந்து அழுகல் நாற்றம் அடித்தது. ஒரு வீட்டு நாய் டைரியைக் கவ்விக்கொண்டு போய், தாளையெல்லாம் விட்டுவிட்டு, அவற்றை ஒட்டிய முதுகுப் பக்கத்தை மட்டும் கடித்துத் தின்றுவிட்டது! சுநந்தா அச்சடித்தவரைப் பிடித்துக் கேட்டாள். இலை பார்க்க நன்றாக இருக்கும் என்று தானே போட்டதாக அவர் கூசாமல் சொன்னார். சங்கத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை. "உன்னை நம்பித்தானே பகவான் காலடியில் வெச்சோம்" என்று மட்டும் கேட்டார்கள். அது அவளுக்குத் திட்டைவிட வலித்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் பதவி போவது மட்டுமல்ல, கோயில் வாசலையே மிதிக்க முடியாது என்று தோன்றிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு எதைத் தொட்டாலும் சந்தேகம்தான்.

சங்கதி பசையில் இருக்கிறது. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது வச்சிரப் பசை. கட்டியாக வரும், ஊறவைத்துச் சூடாக்கித்தான் தடவ வேண்டும், ஆறினால் உறைந்துவிடும். ஆனால் ஒட்டியதும் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பசைக்கு அடுப்பு வேண்டாம், டப்பாவிலிருந்து அப்படியே ஊற்றலாம். மழைக்காலத்தில் மட்டும் காயவே காயாது, உயிரை வாங்கும். பிறக்கப் போகிற வருடத்து டைரிகளோ பெரும்பாலும் ஐப்பசி மழையில்தான் ஒட்டப்படுகின்றன.

அந்த மழையிலேயே சுநந்தா, டைரி ஒட்டிக் கொடுக்க வேறொரு பட்டறை தேடிச் சிவகாசிக்குக் கிளம்பினாள்.

முதலில் தரணேந்திரன் வீடு. அவள் ஊர்க்காரர், அவள் ஜாதி ஜனம், பிழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர். பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை வைக்காத மனிதர். பட்டறையில் அடுப்பின் மேல் கொதிநீரில் ஒரு தகரக் குவளை உட்கார்ந்திருந்தது. மூலையில் வெல்லக்கட்டி நிறத்தில் பசைக்கட்டிகள். என்ன இது என்று அவள் கேட்டதற்கு, மரத்துக் கோந்தும்மா, மதுரை வியாபாரி தவறாமல் கொண்டுவந்து போடுகிறான் என்றார். பிறகு கண் கலங்க, "பகவான் மேல ஆணை. இந்தக் கை ஒரு உயிருக்கும் தீங்கு செஞ்சதில்ல" என்றார். அவளுக்கு அங்கேயே சரி என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. யாரைச் சந்தேகப்பட்டாலும் இவரையுமா!

அடுத்து சண்முகக்கனி. கண்ணாடிச் சட்டம் போட்டு வீகன் சான்றிதழ் மாட்டியிருந்தார். சோதித்தது பெயர்பெற்ற கூடம், சான்றிதழும் அசல்தான். எப்போது சோதித்தார்கள் என்று கேட்டாள். பங்குனியில் தானே நாலு டைரி பொறுக்கி அனுப்பியதாகப் பெருமையாகச் சொன்னார். ஒட்டும் கொட்டகையைப் பார்க்கலாமா என்றதும், உள்ளே தரையெல்லாம் ஈரம், வழுக்கும் என்று பேச்சை மாற்றிக் காபி வரவழைத்தார். பாலில்லாத காபி, அதில் குறை வைக்கவில்லை. கொட்டகைக் கூரையிலிருந்து மழையிலும் புகை வந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தங்கபுஷ்பம். புருஷன் போன பிறகு தனியாகப் பட்டறை நடத்துகிறவள். போனபோது கறிக்குழம்பு வாசனை. சுநந்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சான்றிதழ் இல்லை, சத்தியமும் இல்லை. போன ஐப்பசியில் வச்சிரம்தான் போட்டேன் என்று கேட்காமலே சொன்னாள். இந்த வருடம் வெள்ளைப் பசை. மின்விசிறிக் காற்றில் கல் பாரம் ஏற்றிய டைரிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அடுப்படியைத் தவிர வேறெங்கும் அடுப்பு இல்லை. இப்படி உடைத்துப் பேசுகிறவளை நம்பலாமா, இதுவும் ஒரு வியாபாரத் தந்திரமா? சுநந்தாவின் சந்தேகம் இங்கேயும் விடவில்லை.

கேட்டவர்களே, சத்தியம் ஒரு பக்கம், சான்றிதழ் ஒரு பக்கம், ஒளிக்காத பேச்சு ஒரு பக்கம். இந்த மூவரில் யார் சொல்லை நம்பி அந்த டைரியைப் பகவான் காலடியில் வைப்பது?

விடை: ஒருவர் சொல்லையும் அல்ல. மூவர் சரக்கும் விற்கிற கடைக்குப் போய், அந்த மழையில் ஒட்டி வந்த டைரிகளில் ஆளுக்கொன்று சுநந்தாவே உருவி எடுத்தாள். யாருடையது எது என்று சொல்லாமல், மூவரில் எவரோடும் உறவோ பகையோ இல்லாத ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். சண்முகக்கனியின் டைரியில் தோல் பசை இருந்தது; பங்குனிக்குக் கொடுத்த சான்றிதழ் ஐப்பசிக்கு உதவவில்லை. தரணேந்திரனுடையதிலும் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. கோந்து என்று சொல்லி விற்றவனை, சுநந்தா அவரை நம்பப் பார்த்தது போலவே, அவரும் நம்பியிருந்தார். விஷயம் தெரிந்த அன்று பகலிலும் அவர் சாப்பிடவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தங்கபுஷ்பத்தின் டைரி சுத்தமாக வந்தது. சுநந்தா மனம் நெகிழ்ந்துபோய், இனி எல்லா வருடமும் உங்களுக்கே ஆர்டர், சோதனையே வேண்டாம் என்றாள். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. அடுத்த வருசமும் மழை பெய்யும். வந்து நீங்களே உருவி எடுங்க."