முதல் வாய்த் துவர்ப்பு

“இது எப்ப பழுக்கும், ரீச்சர்?”

மனுவேற்பிள்ளை போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இத்தாலியின் தெற்கே, வுல்துரே என்ற அணைந்த எரிமலையின் அடியில், பாறையைக் குடைந்து செய்த நிலவறை அது. எந்த வைனை இந்த வருசம் விற்கலாம், எதை இன்னும் உறங்க விடவேண்டும் என்று ருசி பார்த்துச் சொல்பவள் றெஜினா. மனுவேற்பிள்ளை அங்கே பீப்பாய் கழுவ வந்தவர். பிறகுதான் அவளிடம் ருசி பார்க்கப் படித்தார். இருவருக்கும் ஊர் யாழ்ப்பாணத்துக் கரையோரம். வயதில் அவள் அவருக்குத் தங்கச்சி மாதிரி. ஆனாலும் நிலவறைக்குள் அவள் அவருக்கு ரீச்சர்தான்.

படிப்பில் குறை சொல்ல முடியாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் இது ‘பிரிமித்தீவோ’, இது ‘நெக்ரோஅமாரோ’ என்று திராட்சையின் பெயரைச் சொல்லிவிடுவார். ஒரே ஒரு திராட்சையிடம்தான் மனுஷன் தோற்றுக்கொண்டே இருந்தார்.

அல்யானிக்கோ. கறுத்த, பிடிவாதமான திராட்சை. அதன் வைன் இளசாக இருக்கையில், பச்சைப் பாக்கைக் கடித்தது போல வாயை இறுக்கிவிடும். பொறுத்திருந்தால்தான் இளகும்.

“எந்த வருசத்துப் போத்தல், அண்ணை?”

“ஜெறாட் பிறந்த வருசத்து அறுவடை. அவன்ர கலியாணத்துக்குத் திறப்பம் எண்டு ஒரு பெட்டி எடுத்து வைச்சனான்.”

“திறந்தனீங்களோ?”

“நான் கலியாணத்துக்குப் போகேல்லை.”

அவளுக்கு அது தெரியும். தாய் சாகக் கிடந்தபோது மகன் ஜெறாட் வரவில்லை. அடக்கம் முடிந்த பிறகுதான் கல்லறை வாசலில் வந்து நின்றான். அவன் வாய் திறந்ததும், முதல் சொல்லே மனுவேற்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. மிச்சத்தை அவர் கேட்கவில்லை. இனி என் முகத்தில் விழிக்காதே என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

“மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறன், ரீச்சர். இந்த வைன் இளகின அண்டைக்கு அவனைக் கூப்பிடுவன் எண்டு. வருசத்துக்கு ஒரு போத்தல் திறந்து பார்க்கிறன்.”

“இளகேல்லையோ?”

“ஒவ்வொரு முறையும் துவர்ப்புத்தான். இது கடைசி. இதுவும் துவர்த்துதெண்டால்…”

அவரால் முடிக்க முடியவில்லை. திறக்காவிட்டால் மகனைக் கூப்பிட வழியில்லை. திறந்து துவர்த்தாலும் வழியில்லை. நேர்த்தி வைக்கும்போது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இப்போது பயமாக இருந்தது.

“எப்பிடிக் குடிக்கிறனீங்கள்?” என்று கேட்டாள் றெஜினா.

“இதென்ன கேள்வி? திறந்த உடன ஒரு வாய். நிண்டபடி.”

“ஆரோட?”

“தனியத்தான்.”

“சாப்பாடு?”

“ருசி பார்க்கேக்கை சாப்பிடக் கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்!”

பாடத்தை மறக்காத பெருமை அந்தக் குரலில் இருந்தது.

“மிச்ச வைன்?”

“வினாகிரிச் சாடிக்குள்ள ஊத்திப்போடுவன்.”

அந்தச் சாடியில் வைன் புளித்து ஆகும் வினாகிரியை ஊரே மெச்சும். ஏன் என்று அன்றைக்குத்தான் றெஜினாவுக்குப் புரிந்தது.

கையை நீட்டினாள். அவர் போத்தலைக் கொடுத்தார். விளக்கொளியில் பிடித்துப் பார்த்துவிட்டு ஏதாவது ஒரு முடிவு சொல்வாள், இன்னும் இரண்டு வருசம் பொறுங்கள் என்றாவது சொல்வாள் என்று நம்பினார்.

அவள் பார்த்தாள். அடியில் படிந்திருந்த மண்டி கலங்காமல் போத்தலை மேசையில் வைத்தாள். திருகியை எடுத்துத் தக்கைக்குள் இறக்கினாள்.

“ரீச்சர்!”

தக்கை வெளியே வந்துவிட்டது.

மனுவேற்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவளை அடித்தால் என்ன என்றுகூடத் தோன்றியது, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

“என்ர நேர்த்தி… கேட்காமல் திறந்துபோட்டீங்களே!”

றெஜினா வைனை வாய் அகன்ற கண்ணாடிக் குடுவைக்குள் மெல்லச் சாய்த்தாள். உலர்ந்த செரிப்பழமும் புகையும் கலந்த வாசம் எழுந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை ஒரு கிண்ணத்தை எடுத்தது. அவள் அதை வாங்கி வைத்துவிட்டாள்.

“இப்ப இல்லை. காத்துப் படவேணும். பின்னேரம் ஆட்டிறைச்சியோட குடிக்கலாம்.”

“நாளைக்கு வைக்கலாமோ?”

“பழைய வைன், அண்ணை. நாளைக்குச் செத்துப்போயிடும்.”

அவர் குடுவையைப் பார்த்தார். பிறகு படிக்கட்டைப் பார்த்தார். மேலே குகை வாசலில் காலை வெயில் விழுந்து கிடந்தது. மகன் இருக்கும் நாப்போலியில் இருந்து இப்போதே காரில் வெளிக்கிட்டால் பின்னேரத்துக்குள் வந்துவிடலாம். அந்தக் கணக்கை அவர் மனதுக்குள் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருந்தார்.

“அவன் வரமாட்டான்.”

றெஜினா திருகியில் இருந்து தக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“நான் கூப்பிட்டால் போனை எடுக்கவே மாட்டான்.”

அவள் தக்கையை மேசையில் வைத்தாள்.

நிலவறைக்குள் போன் எடுபடாது. மனுவேற்பிள்ளை ஒவ்வொரு படியாக ஏறினார். வாசலில் நின்று மகனின் பெயரைத் தேடி எடுத்தார். அழுத்தாமல் திரும்பி, கீழே இருட்டைப் பார்த்துக் கேட்டார்.

“ரீச்சர்… அவன் வந்து, ஒரு வாய் குடிச்சிட்டு, துவர்க்குது எண்டு சொன்னால்?”

கீழே இருந்து பதில் வந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுங்கோ.”