தவளை கேட்ட காணிக்கை

மாயா மக்கள் வாழ்ந்த காட்டில் ஒரு புனிதக் கிணறு இருந்தது. எந்தக் கோடையிலும் அது வற்றாது. அதில் ஊவோ என்ற தவளை, மனைவி நிக்தேயோடும் வாலாட்டித் திரியும் தலைப்பிரட்டைப் பிள்ளைகளோடும் சௌக்கியமாக வாழ்ந்தது.

அந்த நாட்டில் மழை தருகிற தெய்வம் சாக். தவளைகள் சாக்கின் மேளக்காரர்கள் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. மழை பொய்த்தால் ஊர்க்காரர்கள் காட்டுக்குள் வந்து குச்சிகளால் மேடை கட்டுவார்கள். சுரைக்குடுக்கைகளில் மக்காச்சோளக் கஞ்சி படைப்பார்கள். வாசனைப் பிசினைப் புகைய விடுவார்கள். மேடையின் நாலு மூலைகளிலும் பிள்ளைகள் குந்தி, தவளை மாதிரியே கத்துவார்கள். சாக்கின் காதில் விழ வேண்டுமே!

அந்த வருஷம் மழை தவறியது. மேடை எழுந்தது, பிள்ளைகள் கத்தினார்கள். கிணற்று விளிம்பிலிருந்து பார்த்த ஊவோவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியா நிக்தே! மனுசப் பிள்ளைங்களே என்னை மாதிரி கத்துதுங்க. அப்போ மழை யார் கையில இருக்கு?"

"சாக் கையிலதான்," என்றது நிக்தே.

"இல்லை, என் தொண்டையில இருக்கு!"

அன்றைக்கே ஊவோ வீடு மாற்றியது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு பாறைக் குழியில் பழைய மழைத் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. "பெரிய மனுசன் கிணத்துக்குள்ள கிடந்தா யாருக்குத் தெரியும்?" என்று சொல்லி, பிள்ளைகளை முதுகில் ஏற்றி அங்கே கொண்டுவந்து விட்டது. பிறகு காட்டு விலங்குகளைக் கூப்பிட்டு, "இனிமே காணிக்கை வந்தாத்தான் கத்துவேன்," என்று அறிவித்தது.

காடு காய்ந்ததால் தவித்த விலங்குகள் நம்பிவிட்டன. மான், ஊவோ ஈ பிடித்துத் தின்ன, ஈ மொய்க்கும் தன் முதுகை வந்து காட்டி நின்றது. கீரி மாதிரி இருக்கும் கோவாட்டி என்ற விலங்குக்கு நீள மூக்கு. அது அந்த மூக்கால் மண்ணைக் கிளறிப் புழு தேடி, மேடையடியில் கிடந்த பழைய சுரைக்குடுக்கையில் போட்டு வைத்தது.

"எப்போ சாமி கத்துவீங்க?" என்று பணிவாகக் கேட்டது கோவாட்டி.

"குடுக்கை இன்னும் நிரம்பலையே," என்றது ஊவோ, வாயைத் துடைத்துக்கொண்டு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நம் ஊவோ வாயைத் திறக்காமலே கெடப் பார்த்தது.

"என்னங்க, குழியில தண்ணி பாதியாயிடுச்சு. பிள்ளைங்களைக் கிணத்துக்கே கொண்டு போயிடலாம்," என்று கெஞ்சியது நிக்தே.

"பயப்படாதே. நான் ஒரு சத்தம் கொடுத்தா குழி நிரம்பிடும்."

ஒரு நாள் உச்சி வெயிலில் குழியில் சேறுதான் மிஞ்சியது. பிள்ளைகள் வாயைப் பிளந்து துடித்தன. ஊவோ காணிக்கையை மறந்து, தொண்டையை உப்பவைத்துக் கத்தியது. ஒரு துளி விழவில்லை. அடிவயிற்றிலிருந்து மறுபடி கத்தியது. வானத்தில் ஒரு மேகம்கூடத் தலைகாட்டவில்லை.

"சாமி, இதுக்கா இத்தனை புழு?" என்றது பக்கத்தில் நின்ற கோவாட்டி.

பிள்ளைகளுக்கு முதுகில் ஏறக்கூடத் தெம்பில்லை. ஊவோ கோவாட்டியின் காலில் விழுந்து அழுதது. "நான் சாமி இல்லை அண்ணே, வெறும் மேளக்காரன். மழையைக் கூப்பிடத் தெரியும், கொடுக்கத் தெரியாது. என் பிள்ளைங்களைக் காப்பாத்துங்க!"

கோவாட்டிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் துடிக்கிற குஞ்சுகளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. காணிக்கைக் குடுக்கையைக் கவிழ்த்து, மிச்சமிருந்த புழுக்களைக் கொட்டியது. சேற்றோடு பிள்ளைகளை அதில் வாரிப் போட்டு, வாயில் கவ்விக்கொண்டு கிணற்றுக்கு ஓடியது. பின்னாலேயே ஊவோவும் நிக்தேயும் தத்தித் தத்தி ஓடின.

தண்ணீரில் விட்டதும் பிள்ளைகள் சற்று நேரம் அசையாமல் கிடந்தன. பிறகு ஒரு வால் ஆடியது, இன்னொன்று ஆடியது. நிக்தே விம்மி அழுதுவிட்டது.

அன்று சாயங்காலமே இடி இடித்து மழை கொட்டியது. கோவாட்டி நனைந்த மூக்கைக் கிணற்றுக்குள் நீட்டியது.

"சாமி இப்போ வாயே திறக்கலையே, மழை எப்படி வந்துச்சு?"

ஊவோ வெட்கத்தோடு தலையைக் குனிந்தது. "மேளக்காரன் தூங்கினாலும் கல்யாணம் நடக்கும் போலிருக்கு அண்ணே," என்றது. பிறகு விளிம்பில் ஏறி உட்கார்ந்து, மேடையடியில் நனைந்தபடி கத்திய ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து, ஒரு புழுவும் கேட்காமல், தொண்டை வலிக்கும் வரை கத்தியது.

வரம் கேட்கப் போனவன் தானே வரம் தருகிறவன் என்று நினைத்துக்கொண்டால், முதலில் வாடுவது அவன் பிள்ளைகள்தான்.