மேலப்பொட்டலூரின் நவீனத் திருவிழா

மேலப்பொட்டலூர்க்காரர்கள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவார்கள். வம்பெல்லாம் அங்கிருந்துதான் வரும்.

அம்மன் கோயில் திருவிழாவை நடத்தும் உரிமை பரம்பரையாக அவர்களுடையது. ஒரு வருஷம் கீழப்பொட்டலூர்த் தலைவர் ராசாமணி ஊர்க்கூட்டத்தில் எழுந்தார். "எத்தனை காலம்யா இதே பழைய திருவிழாவைப் பாக்குறது? இந்த வருஷம் நவீனமா நடத்திக் காட்டுங்க. முடியலைன்னா உரிமையை எங்களுக்கு எழுதிக் குடுங்க" என்றார். மேலப்பொட்டலூர்த் தலைவர் சங்கிலிமுத்து ரோஷக்காரர். உடனே சரி என்றுவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில்தான், நவீனம் என்றால் என்ன என்று யோசித்தார்.

நல்லவேளையாக, மறுநாள் பஸ் பழுதாகி ஒரு பேராசிரியர் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். சங்கிலிமுத்து ஊர்க்காரர்களோடு போய்க் கேட்க, அவர் விளக்கினார்: "ஓவியன் கண்ணில் படுவதை வரையக் கூடாது, மனசில் இருப்பதை வரைய வேண்டும். எழுத்தாளன் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது, வாசகன் நிரப்பிக்கொள்ள இடம் விட வேண்டும். பக்தன் தெய்வத்தைக் கருவறையில் தேடக் கூடாது, மனிதனுக்குள் தேட வேண்டும்." பஸ் சரியானதும் ஏறிப் போய்விட்டார்.

கோயில் சுவரில் அம்மன் படம் வரைய வேண்டியவர் பெயின்டர் ஒச்சப்பன். அந்த வாரம் அவருடைய கிடா காணாமல் போயிருந்தது. மனசு முழுக்க அதுதான். பத்தடி உயரத்துக்குக் கிடாவை வரைந்தார். மறுநாள் காலையில் ஏழு பேர் தூக்குச்சட்டியோடு வந்து, தொடைக்கறி இருக்கிறதா என்று பூசாரி மொக்கையனைக் கேட்டார்கள்.

நோட்டீஸ் எழுதியவர் தங்கமாயன். 'அம்மன் திருவிழா …… மாதம், …… கிழமை, …… மணிக்கு, …… இடத்தில் நடைபெறும். அனைவரும் வருக' என்று அச்சடித்தார்.

"கிழமையையாவது போடலாமேப்பா" என்றார் பூசாரி.

"நம்மளே போட்டுட்டா வாசகன் எதை நிரப்புவான்? கையைக் கட்டிக்கிட்டு நிப்பானா?"

வாசகர்கள் குறை வைக்கவில்லை. தாயம்மா, செவ்வாய்க்கிழமை என்றும் தன் வீட்டு வாசல் என்றும் நிரப்பி, தெருவை அடைத்துப் பந்தல் போட்டாள். வெளியூரில் வேலை பார்த்த அவள் கொழுந்தன், தனக்கு லீவு கிடைக்கும் தை மாதத்தை நிரப்பினான். மேளக்காரர்களுக்கு ஒன்றும் நிரப்பத் தோன்றவில்லை. மூன்று நாளாக வாசித்துக்கொண்டே ஊரைச் சுற்றினார்கள்.

பாக்கி இருந்தது சாமி. வெள்ளிக்கிழமை என்று நிரப்பிக்கொண்டு கோயிலுக்கு வந்த முப்பது பேரையும் பூசாரி வரிசையில் நிறுத்தி, டார்ச் அடித்து வாய்க்குள் தேடினார்.

"ஆ காட்டு. இன்னும் நல்லா… வெத்தலைதான் கெடக்கு. அடுத்த ஆளு வா."

"எனக்குள்ளயாச்சும் இருக்கா சித்தப்பா?"

"உனக்குள்ள நேத்து வச்ச கருவாட்டுக் குழம்புதாம்ப்பா இருக்கு."

முப்பது பேருக்குள்ளும் சாமி இல்லை. சங்கிலிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ராசாமணி வந்து நின்றார்.

"என்னய்யா கூத்து இது? எழுதிக் குடுங்கய்யா உரிமையை!" என்று வாயைத் திறந்து கத்தினார். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே ஒரு தங்கப் பல் தகதகவென்று மின்னியது.

"அகப்பட்டுட்டாரு!" என்று அலறினார் பூசாரி.

நாலு பேர் பாய்ந்து தூக்கினார்கள். பால் ஊற்றி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாலை சாத்திச் சப்பரத்தில் ஏற்றினார்கள். வழியில் சாமி சாயாமல் இருக்கக் கயிறு கட்டுவது வழக்கம். கட்டினார்கள். திமிறியதால் கொஞ்சம் இறுக்கியே கட்டினார்கள்.

சப்பரம் வீடு வீடாக நின்றது. ஒவ்வொரு வாசலிலும் பொங்கலையும் உளுந்த வடையையும் சாமியின் மூக்குக்கு நேரே காட்டி, மணியடித்து, அப்படியே எடுத்துக்கொண்டு போய்ச் சனங்களுக்குப் பங்கு வைத்தார்கள். அதுவும் வழக்கம்தான்.

நாற்பதாவது வாசலில் ராசாமணி அழுதேவிட்டார். "காலத்துக்கும் திருவிழாவை நீங்களே வச்சுக்கங்கய்யா! ஒரே ஒரு வடை குடுங்கய்யா!"

"வரம் குடுத்துட்டாரு!" என்று ஊரே தரையில் விழுந்து கும்பிட்டது.

தங்கமாயனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏன் மாமா, இத்தனை வருஷத்துல நம்ம சாமி ஒரு நாளாச்சும் வடை கேட்டிருக்கா?"

சங்கிலிமுத்து வடைத் தட்டைச் சாமியிடமிருந்து தள்ளி வைத்தார்.

"அது பழைய சாமி மாப்ளே. நவீன சாமின்னா கேக்கத்தான் செய்யும். குடுத்துக் கிடுத்துப் பழக்கிறாத!" என்றார். பிறகு சப்பரம் தூக்குகிறவர்களைப் பார்த்தார். "என்னடா நிக்கிறீங்க? அடுத்த வீட்டுக்குத் தூக்குங்க."