பால் பாத்திரத்தில் வால்வு

கொல்லிமலை மேலே இருக்கும் எங்கள் ஆசிரமத்தில் நான் சமையல்காரன். அம்மா எங்கள் குரு. எங்கள் எல்லோரையும் விட வயதில் சின்னவர், ஆனாலும் எங்களுக்கு அம்மாதான். வேன் ஓட்டுகிறவர் தனக்கோடி அண்ணன். அவர் மனைவி பூங்காவனம் அக்கா என்னோடு அடுப்படியில் இருந்தவர். இருந்தவர் என்று சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது. போன வாரம் பையைத் தூக்கிக்கொண்டு ராசிபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாம்பாரில் உப்புக் கூடிப்போச்சு என்று திட்டக்கூட ஆள் இல்லை.

சண்டை போட்டுக்கொண்டு போனாரா என்றால், அதுதான் இல்லை. அவர்களுக்குள் சண்டையே நடக்காது. அக்கா குரல் லேசாக உயர்ந்தாலே அண்ணன் "சரி, என் தப்புதான், விடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். மகன் மலேசியாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது அக்கா வேண்டாம் என்றார். அண்ணன் அக்காவிடமும் சரி என்றார், மகனிடமும் சரி என்றார். மகன் போய்விட்டான். ஏன் போகவிட்டாய் என்று அக்கா வாயைத் திறக்கும்போதெல்லாம் அண்ணன் தப்பை ஒப்புக்கொண்டு எழுந்து போனார். பாவம், அக்கா ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டு முடித்ததில்லை.

அன்று காலை அண்ணன் அம்மாவிடம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நான் ஒரு நாளும் அவகிட்ட கோபப்பட்டதில்லம்மா. அவளையும் கோபப்பட விட்டதில்ல. அப்புறம் ஏன் போனா?"

வேன் ஏன் இப்போதெல்லாம் மலை ஏற முனகுகிறது என்று அம்மா கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மனுஷன் பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டால் இவர் வண்டியைப் பற்றிக் கேட்கிறாரே.

அண்ணன் விவரம் சொன்னார். போன கோடையில் கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட் வால்வு திறக்காமல் இறுகிப்போயிருந்தது. கழற்றி வீசிவிட்டார். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று பல டிரைவர்கள் செய்கிறதுதான். அன்றிலிருந்து ரேடியேட்டர் தண்ணீர் தடையில்லாமல் எஞ்சினுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சூடு காட்டும் முள் அடியிலேயே கிடக்கிறது, வண்டி அப்புறம் கொதித்ததே இல்லை. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. டீசல்தான் கொஞ்சம் கூடக் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை என்றார்.

புது வால்வு வாங்கி வாருங்கள் என்றார் அம்மா.

வாங்கி வந்ததும், மாட்டுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். எங்கே? என் அடுப்பில். எதில்? என் பால் பாத்திரத்தில். மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணன் வால்வை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தண்ணீர் சூடேறியது. அடியில் குமிழி கட்டியது, ஆவி வந்தது. வால்வு இறுக மூடியே இருந்தது. அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதுவும் கெட்ட சரக்குதான் போல என்று முணுமுணுத்தபடி குடத்திலிருந்து ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் மொண்டு பாத்திரத்தில் ஊற்றப் போனார்.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. மூன்று பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வால்வு மெதுவாகத் திறந்தது.

"சூடேறுற வரைக்கும் அது ஏன் மூடியே இருக்கணும்?" என்று அம்மா கேட்டார். அவருக்கு வண்டி சமாச்சாரம் ஒன்றும் தெரியாது, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"எஞ்சினுக்கு அதோட சூடு வேணும்மா. ஆரம்பத்துலயே பச்சைத் தண்ணிய ஓடவிட்டா அது சரியா வேலை செய்யாது. கொதிச்சுப் போகாம பாத்துக்கணும், அவ்வளவுதான். சூடே ஏற விடாம..."

அண்ணன் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டார். கையிலிருந்த சொம்பைப் பார்த்தார்.

பிறகு எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். தண்ணீரை வடித்தார், வால்வு இருக்கும் இடத்து மூடியைக் கழற்றினார், ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டினார், புது வால்வை வைத்து முடுக்கினார். கூலன்ட் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடியே வண்டியை ஓடவிட்டார். உள்ளே அடைபட்ட காற்று குபுகுபுவென்று வெளியேறியது. அது அடங்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டீ குடிக்கப் போகவில்லை. முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது.

அப்புறம் சட்டையை மாற்றிக்கொண்டு ராசிபுரத்துக்குக் கிளம்பினார். அங்கே போய் என்ன சொல்லட்டும் என்று அம்மாவிடம் கேட்டார்.

"சொம்ப இங்கயே வச்சுட்டுப் போங்கண்ணே" என்றார் அம்மா.

மறுநாள் மத்தியானம் வேன் வருவதற்கு முன்னாலேயே அக்காவின் குரல் வந்துவிட்டது. மலேசியா, மகன், ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா என்று வளைவுக்கு வளைவு கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கரண்டி நழுவியது. வேன் வாசலில் வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை, யாரும் இறங்கவும் இல்லை. அக்கா நிறுத்தவும் இல்லை.

அப்போதுதான் இன்னொரு குரல் கேட்டது. அண்ணன் இப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"எனக்கு மட்டும் அவன் இல்லாம நல்லா இருக்கா? தினமும் அவன் படுக்கிற பாயத்தானே பாத்துட்டுப் படுக்கிறேன்!"

அக்கா திகைத்துப் போய் அவரைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மறுபடி ஆரம்பித்தார்.

அம்மா வேன் ஜன்னல் ஓரம் போய் நின்றார். அண்ணன் தவித்துப்போய் அவரைப் பார்த்தார்.

"இன்னும் முடியலம்மா."

"முள் எங்க நிக்குது?"

அண்ணன் குனிந்து பார்த்தார். "நடுவுலதாம்மா."

"அப்ப இன்னொரு சுத்து போயிட்டு வாங்க. சோறு ஆறாம பாத்துக்கறோம்" என்றார் அம்மா.